முடிவு இல்லாத சாட்சி

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம். கர்த்தர் தனக்குச் செய்ததை ஒவ்வொருவராக எழுந்து சொல்கிற சாட்சி நேரத்தில் என்னை எழுப்பிவிட்டார்கள். எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. இருந்தாலும் எட்டு வருஷமாக மனசில் கிடந்த ஒன்றைச் சொல்லி முடித்து உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகும் எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அப்புறம் என்னாச்சுங்க?" என்று ஒரு அக்கா கேட்டார். "அப்புறம் ஒண்ணும் ஆகலீங்க்கா, அவ்வளவுதான்" என்றேன். பாஸ்டர் ஐயா சட்டென்று ஒரு பாட்டை ஆரம்பித்துக் கூட்டத்தைக் காப்பாற்றினார்.

அந்த "அப்புறம்?" என்னைத் தூங்கவிடவில்லை. அதனால்தான் இந்த நீளமான பதிவு. பொறுமை இருக்கிறவர்கள் படியுங்கள்.

நடந்தது இதுதான். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு புளி வியாபாரியிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்துப் புளி எப்படி வேலையாகிறது என்று தெரியாதவர்களுக்கு: மாசி, பங்குனியில் மரத்திலிருந்து உலுக்கிய புளி மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுப்பது முழுக்கப் பெண்கள். காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார்கள். விரல் நுனியெல்லாம் கறுத்து வெடித்திருக்கும். கூலி நாள் கணக்கில் இல்லை, கிலோ கணக்கில். சாயங்காலம் ஆளாளுக்குத் தராசில் வைத்து நோட்டில் எழுதுவது என் வேலை.

ஒரு நாள் முதலாளி கூப்பிட்டுச் சொன்னார்: "ஆளுக்கு ரெண்டு கிலோ கம்மியா எழுதுப்பா. தூசி, ஈரம், எல்லாம் இருக்குதில்ல." அந்த ரெண்டு கிலோவுக்கான கூலி இருபது ரூபாய்கூட வராது. ஆனால் முப்பது பேர், மூன்று மாதம். கணக்குப் பார்க்கிறவனுக்கு அது எவ்வளவு என்று உடனே தெரியும்.

நான் வீரன் இல்லை. ரெண்டு நாள் அவர் சொன்னபடியே எழுதினேன். (இந்த ரெண்டு நாளைச் சாட்சியில் விட்டுவிட்டேன். இங்கே விடவில்லை.) மூன்றாம் நாள் காலை குடும்ப ஜெபத்தில் என் பெண் வாசிக்க வேண்டிய பகுதி யாக்கோபு ஐந்தாம் அதிகாரம். "உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது." தட்டில் வைத்த களி உள்ளே இறங்கவில்லை. அன்று சாயங்காலம் சரியான எடையை எழுதினேன். அடுத்த நாளும். நான்காவது நாள், "உனக்கு இங்க சரிப்படாது" என்றார் முதலாளி.

அப்புறம்? அதைத்தானே கேட்கிறீர்கள். ஐந்து மாதம் வேலை இல்லை. வீட்டுக்காரம்மாவின் கம்மல் அடகுக்குப் போய், வட்டி கட்ட முடியாமல் மூழ்கியே போனது. பிறகு ஒரு உரக்கடையில் வேலை கிடைத்தது, பழைய சம்பளத்தில் முக்கால்வாசிக்கு. இன்றும் அங்கேதான் இருக்கிறேன். இன்னும் நல்ல வேலை வரவில்லை. பெரிய இடத்திலிருந்து யாரும் கூப்பிடவில்லை.

இதில் முக்கியமான ஒன்று உண்டு. அந்த முதலாளியும் விசுவாசிதான். வேறு சபை. வருமானத்தில் பத்தில் ஒன்றைக் காணிக்கையாகக் கொடுக்கிற தசமபாகம் தவறாதவர். நான் வேலையை விட்ட அடுத்த வருஷம் ஒரு கன்வென்ஷனில் அவர் மேடையேறிச் சாட்சி சொன்னார். கர்த்தருக்குக் கீழ்ப்படிந்து கொடுத்தேன், கர்த்தர் எனக்குப் புதுக் குடோன் கட்டித் தந்தார் என்று. கூட்டம் அல்லேலூயா சொன்னது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நானும் உதட்டளவில் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அவருடைய சாட்சிக்கு முடிவு இருந்தது, என்னுடையதற்கு இல்லை. முடிவை வைத்துத்தான் கீழ்ப்படிதலை அளக்க வேண்டும் என்றால், எங்கள் இருவரில் கீழ்ப்படிந்தவர் அவர்தான். இது தெரிந்துதான் நம் மேடைகளில் பேசுகிறார்களா?

சவுல் ராஜாவின் கதையை ஞாயிறு பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அமலேக்கியரிடமிருந்து ஒன்றையும் மிச்சம் வைக்காதே என்றால், கொழுத்த ஆடுமாடுகளை வைத்துக்கொண்டு, கர்த்தர் சொன்னதை நிறைவேற்றினேன் என்கிறான். என் காதில் விழுகிற ஆடுகளின் சத்தம் என்ன என்று சாமுவேல் தீர்க்கதரிசி கேட்டதும், கர்த்தருக்குப் பலியிடத்தான் கொண்டுவந்தோம் என்கிறான். பிறகுதான் அந்த வசனம்: "பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதலும், ஆட்டுக்கடாக்களின் நிணத்தைப்பார்க்கிலும் செவிகொடுத்தலும் உத்தமம்." நம் சபைகளில் இதைக் காணிக்கை நேரத்தில் யாரும் வாசித்து நான் கேட்டதில்லை.

வருஷப் பிறப்பன்று ஒவ்வொரு சபையிலும் வாக்குத்தத்த வசனம் அச்சடித்துக் கொடுக்கிறார்களே, அதில் "உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்" எத்தனை முறை வந்திருக்கும்? எபிரெயர் பதினோராம் அதிகாரத்து "கல்லெறியுண்டார்கள்" ஒரு முறையாவது வந்திருக்கிறதா? அவர்களும் விசுவாசத்தினால் நற்சாட்சி பெற்றவர்கள்தான். வாக்குத்தத்தம் பண்ணப்பட்டதை அடையாமலே போனவர்கள் என்று அதே அதிகாரம் சொல்கிறது. அந்த அட்டையை வாங்கி யார் கதவில் ஒட்டுவார்கள்!

இன்னொரு பக்கம் இருக்கிறவர்களும் என்னிடம் பேசினார்கள். கொஞ்சம் படித்தவர்கள், அடக்கமானவர்கள். பலனையே நினைக்கக் கூடாது, பலனை எதிர்பார்ப்பது சுயநலம், "அப்பிரயோஜனமான ஊழியக்காரர்", அதாவது ஒன்றுக்கும் உதவாத வேலைக்காரர் நாங்கள், என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதான் என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இயேசு அப்படிப் பேசவில்லையே. மலைப் பிரசங்கத்திலேயே எத்தனை முறை பலன், பலன் என்கிறார். வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசிப் பக்கத்தில்கூட, "நான் அளிக்கும் பலன் என்னோடேகூட வருகிறது" என்கிறார். அவருக்கு இல்லாத கூச்சம் நமக்கு எதற்கு?

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் போதகர் ஒருவர் முன்பு சொல்லிக்கொடுத்தது. கிரேக்கத்தில் 'மிஸ்தோஸ்' என்று ஒரே சொல். "பரலோகத்தில் உங்கள் பலன்" என்ற இடத்திலும் அதுதான், திராட்சத்தோட்டத்து ஆட்களுக்குக் கொடுத்த "கூலி"யிலும் அதுதான், யாக்கோபு சொல்லும் பிடித்துவைக்கப்பட்ட கூலியிலும் அதுதான். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் சில இடத்தில் பலன் என்றும் சில இடத்தில் கூலி என்றும் வருகிறது. பலன் என்றால் பிரசங்கம் மாதிரிக் கேட்கிறது. கூலி என்றால் வெடித்த விரல் ஞாபகத்துக்கு வருகிறது. எனக்குக் கூலிதான் பிடிக்கிறது. கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம்வரை உன்னிடத்தில் இருக்கலாகாது என்று லேவியராகமத்தில் சட்டம் போட்ட தேவன், தம்முடைய ஆட்களின் கூலியை மட்டும் அமுக்கிக்கொள்வாரா? மாட்டார். அந்த விஷயத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது. "தேவன் அநீதியுள்ளவரல்லவே" என்று எபிரெயரிலும் இருக்கிறது.

எப்போது, எப்படி என்பதில்தான் நாம் குழப்புகிறோம்.

மத்தேயு ஆறில், தெருவில் நின்று தர்மம் செய்கிறவர்கள் "தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது" என்கிறார் இயேசு. அந்த 'அடைந்து தீர்ந்தது' அக்காலத்து ரசீதுகளில் எழுதுகிற வார்த்தையாம், முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன் என்பது போல. கணக்கு எழுதுகிறவனுக்கு இது சட்டென்று புரியும். பாக்கி இல்லை, பக்கத்தைக் கோடு போட்டு மூடிவிடலாம். அந்தக் கணக்கில் பார்த்தால் புளிக்கடைக் கதையை முகநூலில் எழுதிய நானும் என் ரசீதை வாங்கிவிட்டேன். நீங்கள் போடுகிற லைக்தான் அது. தெரிந்தேதான் எழுதுகிறேன். அந்தப் பலன் போனாலும் பரவாயில்லை, இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

லூக்கா பதினாலில் இன்னும் பச்சையாகவே இருக்கிறது. விருந்து வைத்தால் ஏழைகளையும் ஊனரையும் சப்பாணிகளையும் குருடரையும் கூப்பிடு, அவர்கள் உனக்குப் பதில் செய்யமாட்டார்கள், "நீதிமான்களின் உயிர்த்தெழுதலில் உனக்குப் பதில் செய்யப்படும்." தேதி குறித்தே சொல்லிவிட்டார். அடுத்த நிதியாண்டு இல்லை, உயிர்த்தெழுதல். நம் வீட்டுக் கல்யாணங்களில் மொய் நோட்டோடு உட்கார்ந்து, அவன் எங்களுக்கு ஐந்நூறு வைத்தான், நாமும் ஐந்நூறு என்று எழுதுகிறோமே, அதற்கு நேர் எதிர். தேவனிடமும் நாம் மொய் எழுதுகிறோம். நான் வைத்தேன், நீர் எப்போது திருப்பி வைப்பீர்?

இயேசு பலன் உண்டு என்று சொன்ன காரியங்களையும் பாருங்கள். சிறியவன் ஒருவனுக்கு "ஒரு கலசம் தண்ணீர்". எங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்குத் தண்ணீரின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. போர்வெல் தண்ணீரின் ஃபுளோரைடு பல்லில் ஏறிப் பழுப்புக் கறையோடு வளர்ந்த தலைமுறை நாங்கள். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும்வரை நல்ல தண்ணீர் ஒரு குடம் தருகிறவர் எங்களுக்குச் சொந்தக்காரர் மாதிரி. அப்படித் தந்தவர்கள் யாரும் மேடையில் சாட்சி சொல்லவில்லை. மத்தேயு இருபத்தைந்திலும் அப்படித்தான். ராஜா வலதுபக்கம் இருப்பவர்களிடம் பசியாயிருந்தேன், போஜனங்கொடுத்தீர்கள் என்கிறபோது, அவர்கள் திருதிருவென்று விழிக்கிறார்கள். எப்பொழுது, ஆண்டவரே? அவர்கள் நோட்டே போட்டுவைக்கவில்லை. நோட்டு போட்டவர் அவர்.

கிரீடங்களைப் பற்றிச் சிலர் படம் வரைந்து வகுப்பெடுப்பார்கள். ஜீவகிரீடம், நீதியின் கிரீடம், மகிமையின் வாடாத கிரீடம் என்று ஐந்து வகை, எதை யார் வாங்குவார்கள் என்று. வசனம் இருப்பது உண்மைதான். எனக்கு ஞாபகம் வருவதெல்லாம் இருபத்துநான்கு மூப்பர்கள் தங்கள் கிரீடங்களைச் சிங்காசனத்துக்கு முன்பாக வைப்பதுதான். வாங்கியவுடன் கழற்றி வைக்கப்போகிற ஒன்றுக்கு இத்தனை அட்டவணை போட வேண்டுமா?

இரட்சிப்பு தேவன் இலவசமாகத் தரும் கிருபையா, நாம் செய்கிற கிரியையா என்று கமெண்டில் சண்டைக்கு வரப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரட்சிப்பு கிருபையினால். அதை நான் மாற்றவில்லை. ஒன்று கொரிந்தியர் மூன்றில், கட்டினது வெந்துபோனாலும் கட்டினவன் தப்புவான் என்றுதான் இருக்கிறது. கூலி அதற்குப் பிறகு வருகிற பேச்சு. அந்தக் கூலியும் தேவன் தம்முடைய ஈவுகளுக்கே முடிசூட்டுவதுதான் என்று பழைய காலத்துச் சபைப் பிதா அகஸ்தீன் அன்றே சொல்லிவிட்டார்.

திராட்சத்தோட்டத்து உவமையும் அப்படித்தான். ஓசூரில் காலையில் தூக்குச்சட்டியோடு வேலைக்கு நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? பத்து மணிக்கு மேலும் நின்றுகொண்டிருப்பவரின் முகம் எப்படியிருக்கும் என்று தெரியுமா? வேலை முடிய ஒரு மணி நேரமே இருக்கும்போது சாயங்காலம் வந்த பதினோராம் மணிக்காரனுக்கும் அதே ஒரு பணம் என்றபோது, காலையிலிருந்து வெயிலில் வெந்தவன் முணுமுணுக்கிறான். என் கணக்குப்பிள்ளை மூளையும் முணுமுணுக்கிறது. "நீ வன்கண்ணனாயிருக்கலாமா", பொறாமைப்படலாமா, என்று அந்த எஜமான் கேட்பது என்னைத்தான். ஆனாலும் ஒன்று, யாருக்கும் பேசிய கூலியில் ஒரு காசு குறையவில்லை.

எங்கள் லுத்தரன் சபையின் ஆரம்பமே இந்த ஊர்தான். 1895இல் தியோடர் நேதர் என்ற மிஷனரி கிருஷ்ணகிரியில் வேலையைத் தொடங்கினார். பத்து வருஷம்கூட ஆகவில்லை, 1904இல் பிளேக் அவரைக் கொண்டுபோய்விட்டது. வீட்டு ஜெபக்கூட்டத்தில் அவரை எழுப்பி "அப்புறம்?" என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

என் கோபமெல்லாம் இதுதான்: முடிவு கேட்டுக் கேட்டு, முடிவு இல்லாதவர்களை நாம் ஊமையாக்கிவிட்டோம். கீழ்ப்படிந்து நஷ்டப்பட்டவர் வாயைத் திறப்பதில்லை. திறந்தால் விசுவாசக் குறைவு என்பார்கள். கம்மல் மூழ்கிய அன்று என் பெண் கேட்டாள், "நீ செஞ்சது சரின்னா நமக்கு ஏன்ப்பா இப்படி?" அவளிடம் சொல்ல எனக்குச் சபையிலிருந்து ஒரு பதிலும் கிடைக்கவில்லை. சங்கீதத்தில்தான் ஒரு துணை கிடைத்தது: "நான் விருதாவாகவே என் இருதயத்தைச் சுத்தம்பண்ணி..." என்று எழுபத்துமூன்றாம் சங்கீதத்தில் அதைப் பாடிய ஆசாப் புலம்புகிறான், எல்லாம் வீணாய்ப் போச்சே என்று. வேதத்திலேயே இடம் கொடுத்திருக்கிறார்கள், நம் கூட்டத்தில் கொடுக்க மாட்டோமா?

ஆபிராமைக்கூடப் பாருங்கள். சோதோம் ராஜா கொள்ளைப்பொருளை எடுத்துக்கொள் என்றபோது, ஒரு சரட்டையாகிலும் பாதரட்சையின் வாரையாகிலும் எடுத்துக்கொள்ளேன் என்று வெறுங்கையோடு வந்தான். அடுத்த அதிகாரத்தில் கர்த்தர், நான் உனக்கு "மகா பெரிய பலனுமாயிருக்கிறேன்" என்கிறார். ஆபிராம் உருகி நிற்பான் என்று நினைப்போம். அவன் நேரடியாகக் கேட்கிறான்: "அடியேனுக்கு என்ன தருவீர்? நான் பிள்ளையில்லாமல் இருக்கிறேனே." கர்த்தர் கோபப்படவில்லை. வெளியே கூட்டிப்போய் நட்சத்திரத்தைக் காட்டினார்.

போன வாரம் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் அந்தப் புளிக்கடை ஆயா ஒருத்தியைப் பார்த்தேன். அவளுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, என் குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தாள்.

"கணக்குப்புள்ளையா? எங்கப்பா போயிட்ட? சம்பளம் பத்தலன்னு போயிட்டியாமே, மொதலாளி சொன்னாரு."

"ஆமா ஆயா" என்றேன்.

"எல்லாரும் காசு காசுன்னுதான் ஓடுறீங்க" என்று சொல்லிவிட்டு, மடியிலிருந்து ஒரு பிடி வேர்க்கடலையை எடுத்து என் கையில் வைத்தாள்.