காலலூவோடு நிறுத்திவிடாதீர்கள்

கறுப்பின எழுத்தாளர்களுக்கு இடம் தந்த இதழ்களைப் பற்றிய உங்கள் கட்டுரை, 'காலலூ' என்ற அமெரிக்க இலக்கிய இதழை மட்டும் விரிவாகப் பேசுகிறது. தப்பில்லை. 1976-ல் லூசியானாவின் பேட்டன் ரூஜில் சார்லஸ் ரோவெல் அதைத் தொடங்கியபோது, அமெரிக்கத் தென்பகுதிக் கறுப்பினக் கவிஞர்களுக்குக் கதவு திறக்கும் பத்திரிகைகள் மிகக் குறைவு. காலலூ என்பது கரீபியத் தீவுகளில் செய்யும் கீரைக் குழம்பின் பெயர். டிரினிடாடில் சேம்பு இலை, வெண்டைக்காய், தேங்காய்ப்பால் எல்லாம் சேர்ப்பார்கள். பல ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்ட இதழுக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்!

ஆனால் ஜெஸ்ஸி ஃபாசெட்டை விட்டது எனக்கு வருத்தம். 1919 முதல் 1926 வரை, அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கான 'தி கிரைசிஸ்' இதழின் இலக்கியப் பகுதியைப் பார்த்துக்கொண்டவர். பின்னாளில் பெரிய கவிஞராகப் பேசப்பட்ட லாங்ஸ்டன் ஹியூஸ் யாரென்றே தெரியாத காலத்தில், ஆறுகளைப் பற்றிய அவருடைய கவிதையை 1921 ஜூன் இதழில் வெளியிட்டார்கள். தபாலில் வரும் பெயர் தெரியாத ஒருவரின் தாளை முழுசாகப் படிக்கும் ஆசிரியர் ஒருவர் இருந்தால் போதும், ஒரு தலைமுறையே எழுத வந்துவிடும். ஃபாசெட் நாவலாசிரியரும்கூட. மற்றவர்களை வளர்த்ததில் அவருடைய எழுத்து பின்னுக்குப் போய்விட்டது.

அப்புறம், 'டிரான்சிஷன்' என்ற ஆப்பிரிக்க இதழ். 1961-ல் உகாண்டாவின் கம்பாலாவில் அதைத் தொடங்கிய ரஜத் நியோகி இந்திய வம்சாவளியினர். 1968-ல் உகாண்டா அரசு அவரைச் சிறையில் அடைத்தது. இதழ் பிறகு கானாவுக்குப் போனது, 1991-ல் அமெரிக்காவில் மறுபடி உயிர்பெற்றது. நியோகியைப் பற்றி ஒரு தனிக் கட்டுரை எழுதுங்கள், தயவுசெய்து.