நான் பார்த்த நாரையும் கிள்ளான் காகமும்

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மலேசியாவின் புத்ராஜெயா ஏரிக்கரையில் நான்கு சங்குவளை நாரைகளைக் கண்டபோது, வேடந்தாங்கலில் பார்த்த அதே பறவை கடல் தாண்டி என்னைத் தேடி வந்துவிட்டதாகவே தோன்றியது. படம் எடுத்து, இடமும் நேரமும் குறித்து, இந்தியாவிலிருந்து வழிதவறி வந்தவை என்ற என் முடிவையும் சேர்த்து, நாட்டின் பறவைப் பதிவுகளைத் தொகுப்பவர்களுக்கு அனுப்பினேன். பதிவுகளைச் சரிபார்ப்பவர் மரியாதையாகத்தான் பதில் எழுதினார். ஆனால் என் முடிவை அவர் ஏற்கவில்லை. கோலாலம்பூரை அடுத்த நெகாரா மிருகக்காட்சிசாலையில் இந்த நாரைகள் கூண்டுக்கு வெளியே கூடு கட்டி வாழ்கின்றன என்றும், அங்கிருந்து இரை தேடி வந்தவையாகவே இவை இருக்க வேண்டும் என்றும் விளக்கினார். கண்ணால் கண்டவனைப் பொய்யனாக்குகிறார்களே என்று இரண்டு நாள் வீட்டில் புலம்பித் தீர்த்தேன்.

நான் கண்டதை அவர் மறுக்கவில்லை, அதற்கு நான் கற்பித்த காரணத்தைத்தான் மறுத்தார் என்பது எனக்கு விளங்கக் கொஞ்ச காலம் ஆனது. ஒரு நாட்டின் பறவைப் பட்டியலில் ஓர் இனத்தைச் சேர்ப்பதற்கு, அது இங்கே காணப்பட்டது என்பது மட்டும் போதாது. அது தானாக வந்ததா, மனிதர் கொண்டு வந்ததா, கொண்டு வரப்பட்டதென்றால் இப்போது நம் தயவின்றித் தலைமுறை தலைமுறையாகப் பெருகி நிற்கிறதா என்றெல்லாம் கேட்க வேண்டியிருக்கிறது. நம் காகத்தையே பாருங்கள். காப்பித் தோட்டங்களில் கம்பளிப்புழுக்களை ஒழிப்பதற்காக 1890களில் இலங்கையிலிருந்து இங்குள்ள கிள்ளான் நகருக்குக் கொண்டு வரப்பட்ட பறவை அது. நம் முன்னோரைப் போலவே கப்பலேறித் தோட்ட வேலைக்கு வந்தது என்றுகூடச் சொல்லலாம். இன்று அதற்கு யாரும் இரை வைத்து வளர்க்கத் தேவையில்லை என்பதால், 'அறிமுகப்படுத்தப்பட்டு நிலைத்தது' என்ற குறிப்போடு அது பட்டியலில் இருப்பதில் யாருக்கும் ஐயமில்லை.

பழைய பதிவுகளில் இதைவிடப் பெரிய சிக்கல் இருக்கிறது. 'மலாயா' என்று எழுதிய பழைய நூல்கள் பெரும்பாலும் சிங்கப்பூரையும் சேர்த்தே பேசின; 'போர்னியோ' என்று மட்டும் குறிக்கப்பட்ட ஒரு பறவை சபா, சரவாக்கில் பிடிக்கப்பட்டதா, இன்றைய இந்தோனேசியப் பகுதியில் பிடிக்கப்பட்டதா என்று எப்படிச் சொல்வது? இனங்களின் எல்லையும் மாறிக்கொண்டே இருக்கிறது. ஆர்க்டிக் இலைக் கதிர்க்குருவி என்று ஒரே பெயரில் அழைக்கப்பட்டது, மரபணுவையும் குரலையும் ஒப்பிட்ட பிறகு 2011 வாக்கில் மூன்று இனங்களாகப் பிரிக்கப்பட்டது. குரலைக் குறிக்காமல் நான் அதற்கு முன் எழுதி வைத்த அத்தனை குறிப்புகளும் இப்போது எந்த இனத்துக்கும் உரியவை அல்ல.

ஆகவே ஒரு பட்டியலை நம்பலாமா என்பதை, அது எதை எந்த ஆதாரத்தில் சேர்த்தது, எதை ஏன் நீக்கியது என்பதை வைத்தே நான் முடிவு செய்கிறேன். மலேசிய இயற்கைக் கழகம் வெளியிட்டுவரும் தேசியப் பட்டியல் அடுத்தடுத்த பதிப்புகளில் திருத்தப்படுவதை அதன் பலவீனமாகச் சிலர் பேசுகிறார்கள். எனக்கு அதுவே அதன் பலமாகத் தெரிகிறது. நீக்க அஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவிலேயே சான்று உண்டு. 1884க்குப் பிறகு யாரும் மெய்யாகக் காணாத காட்டுச் சிறு ஆந்தையை, 1914இல் குஜராத்தில் தாம் சேகரித்ததாக ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன் என்ற ஆங்கிலேயர் பதிவு செய்திருந்தார். அது அருங்காட்சியகத்திலிருந்து திருடி, சீட்டை மாற்றி ஒட்டிய, பாடம் செய்யப்பட்ட பழைய பறவை உடல் என்பதைப் பறவையியலாளர் பமேலா ராஸ்முசன் கண்டறிந்து, அந்தப் பொய்த்தடத்தை ஒதுக்கிய பிறகுதான், 1997இல் மகாராஷ்டிரத்தில் அந்த ஆந்தை உயிரோடு கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு வரிப் பொய், தேடுபவர்களை வேறு காட்டுக்கே அனுப்பிக்கொண்டிருந்தது.

எண்ணிக்கை கூடுவதைக் கொண்டாடும் நண்பர்களோடு எனக்குச் சண்டை இல்லை; அந்த ஆசை இல்லாவிட்டால் விடியற்காலை ஐந்து மணிக்கு யார் எழுந்து போவார்கள்? ஆனால் அது கூண்டிலிருந்து தப்பியதா என்பதை எடைபோட, படத்தோடு, பறவையின் காலில் வளையம் இருந்ததா, மனிதரைக் கண்டு மிரண்டதா, இறகுகள் தேய்ந்திருந்தனவா என்பதையும் எழுதி அனுப்புங்கள்.

சென்ற மாதம் அதே ஏரியில் ஒரு நாரையைக் கண்டேன். சங்குவளை நாரைக்குரிய கறுப்பு மார்புப்பட்டை அதற்கு மங்கலாக, பாதியோடு நின்றிருந்தது. மிருகக்காட்சிசாலையில் சுதந்திரமாகத் திரியும் பால்நிற நாரையோடு கலந்து பிறந்ததாக இருக்கலாம். இறக்கையையும் மார்பையும் தனித்தனியே படம் எடுத்து அனுப்பினேன். இனத்தின் பெயரை எழுத வேண்டிய இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன்.