அது பனி இல்லை, புயல்

ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீட்டில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேர் ஊர் வாட்ஸ்அப் குழுவில் பார்த்திருப்பீர்கள். பந்தியில் நான் உட்கார்ந்திருக்கும்போதே, என் காதில் விழ வேண்டும் என்றுதான் அதைச் சொன்னார்கள். "பனி பெய்யுதுன்னு சொந்த அண்ணன் அடக்கத்துக்கே வராதவ." சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நாலு நாள் சும்மா இருந்து பார்த்தேன், முடியவில்லை.

நமக்குப் பனி என்றால் மார்கழி விடிகாலையில் படகு விளிம்பில் ஈரமாக நிற்பது. தலையில் ஒரு துண்டைக் கட்டினால் தீர்ந்தது. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று சொல்லிக்கொண்டே தொழிலுக்குப் போய்விடுவோம். அந்தச் சொல்லையே வைத்துக்கொண்டு அமெரிக்காவில் என் மகள் இருக்கும் பஃபலோவில் நடந்ததையும் அளந்தால் எப்படி? அது பனி இல்லை, புயல். பாம்பனில் கூண்டு ஏற்றுகிறார்களே, அதே புயல்தான். வானத்திலிருந்து மழைக்குப் பதில் பனி இறங்கியது, அவ்வளவுதான் வித்தியாசம்.

என் மகள் பிரசவத்துக்காக 2022 நவம்பரில் போனேன். அந்த ஊர் ஈரி ஏரியின் கிழக்கு முனையில் இருக்கிறது. ஏரி என்று பெயர்தான், கரையில் நின்றால் எதிர்க்கரை தெரியாத இடமும் உண்டு, எனக்கு அது கடல்தான். டிசம்பர் கடைசியிலும் அந்தத் தண்ணீர் உறையவில்லை. அதன்மேல் கடுங்குளிர்க் காற்று மேற்கிலிருந்து நீளவாக்கில் ஓடி வந்து, ஈரத்தை வாரி எடுத்து, கரை ஏறியதும் பனியாகக் கொட்டுகிறது. என் அண்ணன் இருந்திருந்தால் கச்சான் என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பார். காற்றை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான், வாடை எது கொண்டல் எது என்று சின்ன வயதில் பாலத்துக்குக் கீழே நிற்க வைத்துக் கேட்பார்.

காற்று மணிக்கு 56 கிலோமீட்டருக்குக் குறையாமல், 400 மீட்டருக்கு அப்பால் கண் தெரியாமல், 3 மணி நேரம் நீடித்தால்தான் அங்கே பனிப்புயல் என்றே சொல்வார்கள். அந்த முறை அப்படி 37 மணி நேரம் நீடித்தது. அடித்த வேகம் 100 கிலோமீட்டரைத் தாண்டியது. விமான நிலையத்தில் அளந்த பனி 4 அடிக்கு மேல்.

அண்ணன் தவறிய செய்தி வந்தது டிசம்பர் 23, நமக்கு இரவு ஏழு மணி, எங்களுக்குக் காலை எட்டரை. ஒன்பதரைக்கு வண்டி எதுவும் ரோட்டில் போகக் கூடாது என்று தடை போட்டார்கள். விமான நிலையம் திறந்தது 28ஆம் தேதி. அடக்கம் 24ஆம் தேதி. நான் எதில் ஏறி வந்திருக்க வேண்டும், யாராவது சொல்லுங்கள்.

அங்கேதான் எல்லா எந்திரமும் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. பனி தள்ளும் வண்டியே பனியில் சிக்கி நின்றது, தீயணைப்பு வண்டி சிக்கியது, ஆம்புலன்ஸ் வர முடியவில்லை. ரோட்டில் உப்புக் கொட்டுவார்கள். நம் வாலிநோக்கம் பக்கம் அளத்தில் குவிந்து கிடக்கிறதே, அந்த உப்புத்தான், ஆனால் குளிர் ஒரு அளவுக்குக் கீழே போனால் அது வேலை செய்யாது. காருக்குள்ளேயே இறந்தவர்கள் உண்டு, தெருவில் இறந்தவர்கள் உண்டு, சூடு நின்றுபோன சொந்த வீட்டுக்குள் இறந்தவர்கள் உண்டு, பனியை வாரும்போது நெஞ்சு அடைத்து இறந்தவர்களும் உண்டு. மொத்தம் 40 பேருக்கு மேல். பஃபலோவுக்குள் இறந்தவர்களில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள். இல்லாதப்பட்ட தெருவுக்கு உதவி கடைசியில்தான் வருகிறது, அது எந்த ஊரானாலும்.

எங்களுக்கு அன்று மத்தியானமே கரண்ட் போனது. கேஸில் ஓடும் சூட்டுக் கருவிக்கும் காற்றைத் தள்ள கரண்ட் வேண்டுமாம், அதுவும் நின்றது. பேரனுக்கு அப்போது 19 நாள். அடுப்பையாவது எரியவிடுகிறேன் என்றேன், கதவு ஜன்னல் அடைத்த வீட்டில் விஷவாயு சேர்ந்துவிடும் அம்மா என்று மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளையை என் வயிற்றோடு சேர்த்துச் சேலையால் சுற்றிக்கொண்டு இரண்டு ராத்திரி உட்கார்ந்திருந்தேன். மருமகன் காரில் இருந்த பால்மாவை எடுக்கப் போனார். வாசலுக்கு எதிரேதான் கார், பத்து எட்டு இருக்கும். திரும்பி வர வழி தெரியவில்லை, வாசல் விளக்கும் எரியவில்லை, எந்தப் பக்கம் பார்த்தாலும் வெள்ளை. அவர் கத்துவது எங்களுக்குக் கேட்கவில்லை. நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சோற்றுப் பானையைக் கரண்டியால் அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தேன். அந்தச் சத்தத்தைப் பிடித்துத்தான் வந்து சேர்ந்தார். இமையெல்லாம் ஒட்டிக் கிடந்தது.

பிள்ளைகள் பனியில் விளையாடும் வீடியோ போட்டீர்களே என்று குழுவில் ஒருத்தர் கேட்டிருக்கிறார். அது வெயில் வந்த பிறகு எடுத்தது. கஜா அடித்து ஓய்ந்தபின் நம் பிள்ளைகளும் விழுந்த மரத்தில் ஏறி ஆடவில்லையா?

நாங்கள் தனுஷ்கோடியையே பார்த்தவர்கள் என்று இன்னொருத்தர். சரி, 1964 டிசம்பரில் போன உயிர்களுக்குப் பக்கத்தில் எதையும் வைக்க முடியாது, அதை நான் மறுக்கவில்லை. ரயிலோடு போனவர்களில் என் அப்பாவின் கூட்டாளியும் ஒருவர், அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள்தான் நானும். அப்படி ஒரு ஊரில் பிறந்தவர்கள்தான் புயல் என்று சொன்னதும் முதலில் நம்ப வேண்டியவர்கள். நீங்களே சிரித்தால் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

அடக்கத்தை போனில்தான் பார்த்தேன். எங்களுக்கு விடியற்காலை ஐந்தரை, இருட்டு, போனில் 11 சதவீதம் சார்ஜ். பெட்டியை மூடுவதற்கு முன்னால் போன் அணைந்துவிட்டது. முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை என்று என்னைச் சொல்கிறீர்களே, அது எனக்குத் தெரியாதா? தினமும் தெரிகிறது.

பிப்ரவரியில் ஊருக்கு வந்ததும் நேரே அண்ணன் வீட்டுக்குத்தான் போனேன். என்னைக் கேள்வி கேட்க உரிமை இருப்பது மதினி ஒருத்திக்குத்தான். மதினி வாசலுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளைக்குக் குளிர் ஒண்ணும் தாக்கலையே?" என்று கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் இரண்டு பேரும் கல்லறைக்கு நடந்து போனோம்.