செம்மறிச் சொறிக்குக் கழிவு ஆயில் மருந்தல்ல

தாராபுரம், காங்கேயம் பக்கம் ஆட்டுக்காரர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: “பட்டறைக் கழிவு ஆயிலில் கந்தகம் கலந்து ஆட்டின் உடம்பு முழுக்கப் பூசுங்கள். ஒரே நாளில் சொறி போய்விடும், ஊசி வேண்டாம்.” இது தவறு.

கந்தகம் சொறிக்குப் பழைய மருந்துதான். கெடுதல் ஆயிலில் இருக்கிறது. ஓடிய எஞ்சின் ஆயிலில் ஈயம் போன்ற உலோகங்கள் கலந்திருக்கும். ஆடு உடம்பை நக்கும், குட்டி மடியில் வாய் வைக்கும். நஞ்சு உள்ளே போகும். வெயிலில் தோலும் வெந்துபோகும்.

சொறிக்குக் காரணம் தோலில் வாழ்ந்து முட்டையிடும் மிகச் சிறிய உண்ணிப்பூச்சி. வெறும் கண்ணுக்கு எளிதில் தெரியாது. புண்ணின் நடுவில் அல்ல, ஓரத்தில் லேசாக ரத்தம் கசியும்வரை சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உறுதியாகும்.

மருத்துவர் வழக்கமாகத் தருவது ஐவர்மெக்டின் என்ற ஊசி மருந்து. கிலோ எடைக்கு 0.2 மி.கி.; 1 சதவீத மருந்தென்றால் 25 கிலோ செம்மறிக்கு 0.5 மி.லி., தோலுக்கடியில் மட்டும். இது முட்டையைக் கொல்லாது. அதனால்தான் 7 முதல் 14 நாளில், மருத்துவர் சொல்லும்படி, இரண்டாம் ஊசி. பலர் இதை விட்டுவிடுவதால்தான் சொறி திரும்புகிறது. நோய் தொட்ட பட்டியில் எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் போட வேண்டும். உரசும் கம்பம், படல் எல்லாவற்றையும் சுத்தம் செய்யுங்கள். கறிக்கு விற்குமுன் காத்திருக்க வேண்டிய நாள் மருந்துப் புட்டியிலேயே அச்சாகியிருக்கும்.

சந்தேகமிருந்தால் உள்ளூர்க் கால்நடை மருந்தகத்திலோ நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ கேளுங்கள், 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கும் அழைக்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே பூசியிருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் கட்டி, மருத்துவரிடம் காட்டுங்கள்.