அறிக்கை வாங்குவதா வழிகாட்டல்?

மாணவர்களின் செயல்திட்டங்களுக்கு வழிகாட்டுவது பற்றிய கட்டுரையைப் படித்தேன். வாரம் ஓர் அறிக்கை வாங்கினால் வழிகாட்டியின் வேலை முடிந்தது என்கிறது அது. எனக்கு உடன்பாடில்லை. அறிக்கையை எப்படியும் ஒப்பேற்றிவிடலாம். கணக்கை ஒப்பேற்ற முடியாது. ரோபோவின் கையாக உள்ள அலுமினியப் பட்டை வளைகிறது, அதற்குப் பதில் எஃகு வேண்டும் என்று ஒரு மாணவி வந்து நின்றாள். "பட்டையைப் படுக்கவைக்காமல் நிமிர்த்திவைத்துக் கணக்குப் போட்டுப் பாரம்மா" என்றேன், அவ்வளவுதான். 20 மி.மீ. அகலம், 5 மி.மீ. தடிமன் உள்ள பட்டையை, அகலப் பக்கம் செங்குத்தாக நிற்கும்படி நிமிர்த்தினாலே வளைவை எதிர்க்கும் விறைப்பு 16 மடங்காகிறது. எஃகுக்கு மாறினால் ஏறத்தாழ 3 மடங்குதான். எடையும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு ஏறும். மறுநாள் எஃகுப் பேச்சையே காணோம்! தலைப்பைத் தேர்வது பற்றிக் கட்டுரை சொல்வது சரிதான். ஆனால், சொதப்பிய சோதனைகளின் அளவீடுகளையும் நோட்டில் எழுதவைப்பது பற்றி ஒரு வரிகூட இல்லையே, ஏன்?