துண்டு வெட்டிய பிறகு

பாரிசவாதம் வந்த அம்மாவுக்கு மூன்றாம் கிழமை துண்டு வெட்டி, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதுவரை வைத்தியத்துக்கென்று நாங்கள் ஒரு சதமும் கட்டவில்லை. இலங்கையில் 1951 முதல் நடைமுறையிலிருக்கும் இலவச வைத்தியத்தின் அருமையைப் புதுக்குடியிருப்பில் இருப்பவர்களுக்கு எவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. செலவு தொடங்கியது வீட்டுப் படலையைத் தாண்டிய பிறகுதான்.

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிக் கிடத்த வேண்டும்; தவறினால் இடுப்பெலும்புக்கு மேலே தோல் சிவந்து, கறுத்து, புண்ணாகிவிடும். பம்பஸ் வேண்டும், காற்று மெத்தை வேண்டும், சிறுநீர் போகும் கதீட்டர் குழாயை மாற்றுவதற்கு ஆளைத் தூக்கி ஓட்டோவில் ஏற்ற வேண்டும். தங்கை ஆடைத் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டாள். அவள் இழந்த சம்பளத்தை எந்த அலுவலகமும் வைத்தியச் செலவாகக் கணக்கெடுப்பதில்லை.

2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் முதியோர் கொடுப்பனவு 3,000 ரூபாயிலிருந்து 5,000 ஆகவும், மாற்றுத்திறனாளிகளுக்கானது 7,500 இலிருந்து 10,000 ஆகவும் உயர்த்தப்பட்டன. நல்ல காரியம்தான். ஆனால் முதியோர் கொடுப்பனவு வறுமைக்காகத் தரப்படுவதேயன்றிப் பராமரிப்புக்கான பணம் அன்று. சந்தைக்கு நடந்து போய்வரும் முதியவருக்கும் படுக்கையிலேயே கிடப்பவருக்கும் தொகை ஒன்றுதான்.

பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அதற்கு ஒன்பது ஆண்டுகளின் பின், போரின் முடிவில், வன்னியில் எத்தனை வீடுகளில் அந்தப் பிள்ளையே இல்லாமற் போயிற்று! இருக்கும் பிள்ளைகளிலும், ஷெல் துண்டு முதுகெலும்பில் பட்டு இடுப்புக்குக் கீழே இயங்காத மகனை எழுபது வயதுத் தாய் புரட்டிக் கிடத்தும் வீடுகள் உண்டு. இந்தச் சட்டப்படி அங்கே யார் யாரைப் பார்ப்பது?

ஜப்பான் 2000ஆம் ஆண்டில் நீண்டகாலப் பராமரிப்புக்கென்றே தனிக் காப்புறுதியைத் தொடங்கி, 40 வயதிலிருந்து எல்லோரிடமும் சந்தா அறவிட்டு, மீதியை வரிப்பணத்தால் நிரப்புகிறது. நாட்கூலிக்கும் கடற்றொழிலுக்கும் போகிறவர்களிடம் மாதச் சந்தா வாங்க முடியாது என்பதால், இங்கே அது முழுவதும் வரிப்பணத்தில், சுகாதார அமைச்சின் ஊடாகவே நடக்க வேண்டும் என்பது என் கருத்து. வீட்டில் இருந்து பார்ப்பவருக்கு மாதக் கொடுப்பனவும், புண்ணுக்கு மருந்து கட்டவும் கதீட்டர் மாற்றவும் வீட்டுக்கே வரும் ஒரு தாதியும் முதலில் கிடைத்தால் போதும்.

வீட்டுக்கு வருவது நடவாத காரியமும் அன்று. எங்கள் ஒழுங்கையில் மூன்றாம் வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது. அரசாங்கத்தின் குடும்பநல உத்தியோகத்தர் ஸ்கூட்டியில் வந்து பார்த்துவிட்டு, எங்கள் படலையைக் கடந்துதான் திரும்பிப் போகிறார்.