விடும் நேரம் தெரியாத கையில் எந்தக் கயிறும் ஒன்றுதான்

குதிரைப் பயிற்சி வீடியோக்களில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வரும். வட்டமான வேலிக்குள் குதிரை சுற்றிச் சுற்றி ஓடும். நடுவில் நிற்கிறவர் சட்டென்று தோளைத் தாழ்த்தி முதுகைக் காட்டுவார். குதிரை ஓட்டத்தை நிறுத்தி, வாயை மென்றபடி அவர் பின்னால் வந்து நிற்கும். கீழே “குதிரை பாஷை தெரிஞ்ச மனுஷன்” என்று ஆளாளுக்கு உருகியிருப்பார்கள். குதிரையை அடித்து அடக்காமல் அதன் இயல்போடு பழக்கும் முறை, அதாவது நேச்சுரல் ஹார்ஸ்மேன்ஷிப், என்ற பெயரில் விற்கப்படுவதில் பாதி இந்த உருக்கம்தான். முறையின் மேல் எனக்கு மரியாதை உண்டு. பாஷைக் கதையின் மேல் இல்லை.

இந்த முறையின் வேர் அமெரிக்காவின் மேற்குப் பகுதி மாட்டுப் பண்ணைகளில் இருக்கிறது. ஓரிகனைச் சேர்ந்த பில் டொரன்ஸ் (1906–1999), அவர் தம்பி டாம் டொரன்ஸ் (1910–2003), டாமிடம் கற்ற ரே ஹன்ட் (1929–2009) மூவரும்தான் இதில் முதலில் சொல்ல வேண்டிய பெயர்கள். குதிரையைக் கட்டிப்போட்டு, துள்ளித் துள்ளி ஓயும்வரை மேலே உட்கார்ந்து அடக்குவதுதான் அன்றைய பண்ணை வழக்கம். இவர்கள் அதைத் திருப்பிப் போட்டார்கள்: தப்பான வழியைச் சிரமமாக்கு, சரியான வழியைத் திறந்து வை, குதிரையே தேடிக் கண்டுபிடிக்கட்டும். பின்னால் வந்த பாட் பரெல்லி இதை ஏழு விளையாட்டுகளாக வகுத்து, கயிறும் குச்சியுமாகச் சந்தைக்குக் கொண்டுவந்தார். மான்டி ராபர்ட்ஸ் 1989-ல் விண்ட்சர் கோட்டையில் இங்கிலாந்து ராணி முன்னால் குதிரை தானே வந்து சேரும் தன் ‘ஜாயின்-அப்’ முறையைச் செய்து காட்டினார். வட்ட வேலிக் காட்சி பிரபலமானதில் அவருக்குப் பெரிய பங்கு.

அதே மாதிரி வட்ட வேலிக்குள் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மனிதனுக்குப் பதில் ஒரு ரிமோட் காரை விட்டுப் பார்த்தார்கள். குதிரை விலகி ஓடினால் கார் விரட்டும். நின்றாலோ திரும்பிப் பார்த்தாலோ கார் நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் குதிரைகள் ஓடுவதைக் குறைத்து, நின்று, காரின் பக்கம் திரும்பக் கற்றுக்கொண்டன. காருக்கு ஏது குதிரை பாஷை? தொல்லை எந்த நொடியில் நிற்கிறதோ, அதற்கு முந்தைய நொடியில் தான் செய்ததைக் குதிரை பிடித்துக்கொள்கிறது. அவ்வளவுதான் சூட்சுமம். அந்த வாய் மெல்லலும் பணிவு கிடையாது. பதற்றம் இறங்கும்போது வருகிற அசைவு அது. இறங்க வேண்டிய அளவுக்குப் பதற்றத்தை ஏற்றியது யார் என்று யாரும் கேட்பதில்லை.

ஆக, கற்றுக்கொடுப்பது அழுத்தம் அல்ல, அழுத்தத்தை விடுவது. சொல்ல எளிது, கைக்கு வர மாதக்கணக்காகும். ஒரே ஒரு அடி பின்வாங்க வைப்பதை எடுத்துக்கொள்வோம். குதிரைக்கு நேர் எதிரே நிற்காமல், கொஞ்சம் பக்கவாட்டில், கை நீட்டும் தூரத்தில் நில்லுங்கள். நெற்றிக்கு நேர் முன்னால் அதற்குக் கண் தெரியாது. ஹால்டர், அதாவது குதிரையின் தலையில் மாட்டும் தலைக்கயிறு, அதன் முடிச்சுக்கு ஒரு சாண் கீழே கயிற்றைப் பிடியுங்கள். முதலில் கையின் எடை மட்டும். இரண்டு மூன்று விநாடி. அசையவில்லை என்றால் விரல்களை ஒவ்வொன்றாக மூடி, குதிரையின் மார்பை நோக்கி அழுத்தம் கொடுங்கள். இப்போது முகத்தைப் பார்க்காதீர்கள், மார்பைப் பாருங்கள். கால் நகருவதற்கு முன்னால் எடை பின்னங்காலுக்குப் போகும். மார்பு ஒரு விரற்கடை பின்னே சாயும். அங்கேயே விரலைத் திறந்துவிட வேண்டும். குளம்பு தூக்கட்டும் என்று காத்திருந்தால் முதல் நாளே தாமதமாகிவிட்டது. திறந்தபின் பத்து விநாடி சும்மா நில்லுங்கள். அடுத்தடுத்த தடவைகளில் ஒரு கால், பிறகு மூலைக்கு மூலையாக ஒரு ஜோடி, அதாவது வலது முன்னங்காலோடு இடது பின்னங்கால். இரண்டும் சேர்ந்து நகர்ந்தால் குதிரை தளர்வாக இருக்கிறது. ஒவ்வொரு காலாக இழுத்து இழுத்து வைத்தால் எங்கோ முறுக்கிக்கொண்டிருக்கிறது.

கெட்டுப்போவது இரண்டு இடத்தில். தலையைத் தூக்கி எதிர்த்துத் தள்ளும்போது பயந்து கயிற்றை விட்டுவிடுகிறோம். தலை தூக்கினால் விடுதலை என்று பாடம் எழுதியாகிவிட்டது. இன்னொன்று அதைவிட மோசம். பாவம் என்று நினைத்து, மெல்லிசாக, நிறுத்தாமல், நச்சரித்துக்கொண்டே இருப்பது. அழுத்தத்தை ஏற்றவும் மாட்டார்கள், விடவும் மாட்டார்கள். குதிரை மரத்துப்போகும். ரைடிங் பள்ளிகளில் விலாவில் குதிகால் இடித்துக்கொண்டே போனாலும் அசையாத குதிரைகளைப் பார்க்கலாம். அதைச் சோம்பேறி என்பார்கள். குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம் என்பார்களே, இங்கே குழி பறிப்பது மேலே உட்கார்ந்திருப்பவர்.

கயிற்று ஹால்டர் பற்றி ஒரு வார்த்தை. மென்மையான கருவி என்று நினைப்பது தவறு. ஆறேழு மில்லிமீட்டர் கயிறு, அதிலும் மூக்கின் மேல் முடிச்சு. பட்டையான ஹால்டரைவிடக் கடுமையாகவே உறைக்கும். மூக்குக் கயிறு கன்ன எலும்பு முடியும் இடத்திலிருந்து இரண்டு விரல் கீழே இருக்கட்டும். அதற்கும் கீழே இறங்கினால் மெல்லிய எலும்பு. கழுத்து முடிச்சின் வால் கண்ணுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். இதைப் போட்டு குதிரையைக் கட்டிப்போடவோ மேய விடவோ கூடாது; எங்காவது மாட்டினால் அறுந்துகொடுக்காது. ஹால்டரில் கட்டிக் கையில் பிடிக்கும் லீட் கயிறு 12 அடி வேண்டும், எக்காரணம் கொண்டும் கையில் சுற்றக் கூடாது.

மிரட்சி போக்குகிறேன் என்று பிளாஸ்டிக் பையைக் குச்சியில் கட்டி ஆட்டுவது இன்னொரு சடங்கு. குதிரை திமிறும்போது பையை எடுத்தால் திமிறக் கற்றுக்கொடுத்தாயிற்று. எடுக்காமல் மூலையில் மடக்கி ஆட்டிக்கொண்டே இருந்தால், கடைசியில் அசையாமல் நிற்கும். அதை அமைதி என்று நம்பி வீடியோ போடுகிறார்கள். கண் இமைக்காமல், மூச்சை அடக்கி, மூக்குத் துவாரம் இறுகி நிற்கும் குதிரை கைவிட்டுவிட்ட குதிரை. ஒரு நாள் எச்சரிக்கை இல்லாமல் வெடிக்கும். செய்வதானால் ஐந்தாறு மீட்டர் தள்ளி, காது திரும்புகிற ஆனால் கால் நகராத தூரத்தில் ஆரம்பியுங்கள். ஆட்டிக்கொண்டே நீங்கள் விலகி நடந்து, குதிரையைப் பைக்குப் பின்னால் வரவிடுங்கள். தன்னைவிட்டு ஓடும் பொருளைத் தொடர அதற்கு ஆர்வம் வரும்.

ரைடருக்கான பயிற்சியைக் குதிரை இல்லாமலே தொடங்கலாம். ஒருவர் கண்ணை மூடி ஸ்னாஃபிள் (வாய்க்கம்பியின் இரு முனையிலும் வளையம் உள்ள வகை) கடிவாளத்தின் இரண்டு வளையங்களையும் கைகளில் பிடித்துக்கொள்வார். இன்னொருவர் பின்னால் நின்று லகானைப் பிடித்து, பேசாமல், அவரை நடத்தி, திருப்பி, நிறுத்த வேண்டும். பிறகு இடம் மாறுங்கள். எங்கே கை இறுக்கம், எங்கே விட மறந்தது என்பதை முன்னால் நிற்பவர் உடனே சொல்லிவிடுவார். குதிரைக்கு அந்த வசதி இல்லை. ஒற்றை லகானை இழுத்து நிறுத்துவதையும் நின்ற நிலையில், பிறகு நடையில், பிறகு துள்ளுநடையில் பழக்குங்கள். நாலுகால் பாய்ச்சலில் முதல் தடவையாக இழுத்தால் குதிரை கால் தடுக்கிக் கவிழும். நாள் முழுக்க கழுத்தை மட்டும் வளைத்துப் பழக்கினாலும் வினைதான். கழுத்து இடப்பக்கம் மடங்கியிருக்க, தோள் வலப்பக்கம் ஓடும்.

இதையெல்லாம் தொடங்குமுன் வாயையும் முதுகையும் பாருங்கள். கடைவாய்ப் பற்கள் மேல்வரிசையில் வெளிப்புறமும் கீழ்வரிசையில் உட்புறமும் கூராகும். வருஷத்துக்கு ஒருமுறை மருத்துவர் பார்த்து ராவ வேண்டும். பிடரி மயிர் முடிகிற தோள்மேட்டில் வெள்ளை முடித் திட்டுகள் இருந்தால் சேணம் முன்பு அங்கே அறுத்திருக்கிறது. வலிக்கிற குதிரையிடம் ஏழு விளையாட்டு என்ன, எழுபது விளையாடினாலும் பயனில்லை. முள் வைத்த கடிவாளத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்தியாவின் 1965-ம் வருஷத்து வண்டி, பொதி விலங்குகள் வதைத் தடுப்பு விதிகளே அதைத் தடை செய்திருக்கின்றன.

குதிரையை ஒரு மாதம் பயிற்சியாளரிடம் விட்டுவிட்டுக் கடைசி நாளில் போய் ஓட்டி வருகிற வழக்கம் நம்மூரிலும் இருக்கிறது. அங்கே விரல் அசைவுக்கு நின்ற குதிரை இரண்டு வாரத்தில் பழையபடி இழுக்கும், பயிற்சியாளர் ஏமாற்றிவிட்டார் என்று பேச்சு வரும். ஏமாற்றவில்லை. அவர் கை விட்ட நேரத்தில் உங்கள் கை விடவில்லை. மாதக் கட்டணம் கொடுப்பதானால் அதில் கடைசிப் பத்து நாளாவது நீங்கள் கயிற்றைப் பிடிக்க, அவர் பக்கத்தில் நிற்கட்டும். “நீங்க எதுக்கு வரணும், முடிஞ்சதும் போன் பண்றேன்” என்று சொல்கிறவரிடம் குதிரையை விடாதீர்கள்.